ஒன்பது மில்லிமீட்டர்

அதிராம்பட்டினம்
4.8.2024, ஞாயிறு, காலை 10.40

மச்சான் ஷஹ்பாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி நலம். நானும் நலம். நீங்களும் ஷமீரா லாத்தாவும் சுகமாக இருக்க துஆ.

கதவுகள் நான்கு. மூன்று மூடுகின்றன. ஒன்று மூடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து பதினாலு மாதம் ஆகிறது. அக்காள்தானே என்று லாத்தாவிடம் சொல்லி அனுப்பினால், "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? வேணும்னா எழுதிப் போடு" என்கிறாள். எழுதிவிட்டேன்.

வாப்பாவின் அம்பாசடரைப் பிரித்து மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறேன். 1968 மாடல். இன்ஜின் முடிந்தது, பிரேக் முடிந்தது. இடதுபக்கப் பின்கதவில் நிற்கிறது. கதவைச் சுற்றி நான்கு மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். இதில் மேல்மூலையில் பதின்மூன்று. அதாவது ஒன்பது அதிகம். கீழே உரசுகிறது. மேல் கீல் இழுபட்டிருக்கிறது.

வாப்பா வண்டியை உங்களிடம் கொடுத்த பிறகுதான் இது நடந்திருக்கிறது. மூன்றே கேள்வி. எதில் இடித்தீர்கள்? எந்தப் பக்கத்திலிருந்து? என்ன வேகம்? அன்றைக்கு வீட்டில் பேசியதை இதில் இழுக்கவில்லை. இது டெக்னிக்கல்.

வஸ்ஸலாம்.
அப்சர்


நீடாமங்கலம்
19.8.2024

தம்பி அப்சருக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்தது. உம்மாவைக் காலையில் நடக்கச் சொல். பனங்கற்கண்டும் சர்க்கரைதான் என்று சொல், நம்பமாட்டார்கள், ஆனாலும் சொல்.

இங்கே நலம். குடைக் கடையை ரயிலடி எதிரில் மாற்றிவிட்டேன். ரயில்வே கேட் போட்டுவிட்டால் நாற்பது நிமிஷம் ஊரே நிற்கிறது. நிற்கிறவர்கள் குடை வாங்குகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஷமீராவுக்கு இது ஐந்தாம் மாதம். உம்மாவிடம் அவளே சொல்லியிருப்பாள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு. துஆ செய்.

கீலுக்கான பழைய ஊசிகள் இரண்டு, மாமாவின் அறைப் பரண்மேல் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒரு துணியில் சுற்றி வைத்தேன். அவை நல்ல ஊசிகள். புதிதாக வாங்காதே.

வஸ்ஸலாம்.
ஷஹ்பாஸ்


அதிராம்பட்டினம்
23.8.2024, வெள்ளி, ஜும்ஆ முடிந்து

மச்சான்,

ஸலாம். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். லாத்தா விஷயம் கேட்டு உம்மா இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதார்கள். நானும்.

ஊசிகள் கிடைத்தன. நன்றி. கேள்விகளுக்குப் பதில் கிடைக்கவில்லை. மூன்று கேட்டேன், பூஜ்யம் வந்தது.

ஊசியை மாற்றினேன். கீலுக்குப் பின்னால் தகடு வைத்துப் பார்த்தேன், தகடு எடுத்துப் பார்த்தேன். கதவைத் தோளால் தூக்கி முட்டுக்கொடுத்தேன். மேலே சரியானால் கீழே போகிறது. ஒன்பது அப்படியே நிற்கிறது. இடித்தவர் எப்படி இடித்தேன் என்று சொன்னால் எந்தத் திசையில் இழுப்பது என்று எனக்குத் தெரியும். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

தேதியும் வந்துவிட்டது. ஏழாம் மாதம் முடிவதற்குள் லாத்தாவை அழைத்துவர வேண்டும் என்று உம்மா அக்டோபர் 20, ஞாயிறு என்று குறித்துவிட்டார்கள். "அவ வாப்பா கார்லதான் வரணும். வாடகை வண்டில எம் மவ வரமாட்டா" என்கிறார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு நாள் இருக்கிறது. பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.

வஸ்ஸலாம்.
அப்சர்


நீடாமங்கலம்
10.9.2024

அப்சர் தம்பிக்கு,

ஸலாம். எல்லாரும் நலமா? ஷமீராவுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

உன் கேள்விக்குப் பதில். அடி பட்டது. ஓட்டியது நான்தான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20 ஷமீரா தயாராக இருப்பாள். உங்கள் வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கட்டும். நான் அதுவரை கூட்டிவந்து ஏற்றிவிடுகிறேன். அங்கே வருவதற்கில்லை. கடை இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் தகவல் சொன்னால் போதும்.

ஷஹ்பாஸ்


அதிராம்பட்டினம்
14.9.2024, சனி, மாலை 4.15

மச்சான்,

ஸலாம். நலம் விசாரிப்பு எல்லாம் உம்மா தனியாக போனில் லாத்தாவிடம் செய்துவிட்டார்கள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லாததைக் கதவு சொல்கிறது. அதன் பெயிண்டை முழுக்கச் சுரண்டிவிட்டேன். கண்டது நான்கு.

வெளித்தகட்டில், கைப்பிடிக்குப் பின்னால், பெரிய அமுக்கம். முன்னாலிருந்து வந்த அடி. உள்பக்க விளிம்பில் இன்னொரு அமுக்கம், நேர்கோடாக, ஒரு பலகை அகலத்துக்கு. பூட்டு மாட்டும் கொக்கியில் ஒரு கீறல்கூட இல்லை. கீல் வெளியே நெம்பப்பட்டிருக்கிறது.

மூடிய கதவு இப்படி அடிபடாது. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஏதோ நீட்டிக்கொண்டு, மூடவிடாமல் குறுக்கே நின்றது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எதிலோ பட்டு, அந்தக் குறுக்குப் பொருளை முட்டாக வைத்துக் கதவு கீலை நெம்பிவிட்டது.

கண்ணாடி இறங்கும் குழிக்குள் ஒரு முழம் பச்சை நைலான் கயிறு கிடந்தது, ஒரு முனையில் முடிச்சோடு. நடுத்தூணின் விளிம்பில் அதே கயிறு அழுத்தி அழுத்தி, விரல் அகலத்துக்கு ஒரு தடம்.

கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு எதை ஏற்றிப்போனீர்கள்? கடைக்கு அலமாரியா? வாப்பா காரில்?

அப்சர்


அதிராம்பட்டினம்
1.10.2024, செவ்வாய், காலை 6.20

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமா? கேட்பதற்காகக் கேட்கவில்லை. நலமா?

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடாதது நல்லது. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நேற்று அய்யாக்கண்ணு அண்ணன் உம்மாவுக்குக் கொடுவா மீன் கொண்டுவந்தார். திங்கட்கிழமைதோறும் படகிலிருந்து நேராக வருவார், உங்களுக்குத் தெரியும். கார் நிற்கும் கொட்டகையில் எட்டிப் பார்த்தார். மேஜைமேல் அந்தப் பச்சைக் கயிறு இருந்தது.

"அட, இது நம்ம வலைக்கயிறுல்ல? இந்த முடிச்சு நான் போட்டதுல்ல? இத இன்னுமா தம்பி வெச்சிருக்கீங்க?"

"எதுக்குண்ணே காருல கட்டுனீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கஜா புயலுக்குத்தான். ஒங்க வாப்பாவ தூக்கிட்டுப் போனமே."

"எங்க வாப்பாவையா?"

"என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

எனக்குத் தெரியாது மச்சான். 2018 நவம்பரில் நான் கோயம்புத்தூரில் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே டவர் எல்லாம் விழுந்து பத்து நாள் போன் இல்லை. அப்புறம் உம்மா பேசும்போது, வாப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது, இப்போது பரவாயில்லை என்றார்கள். ஊருக்கு வந்தபோது வாப்பா கம்பு ஊன்றி நடந்தார். நானும், "ரப்பர் விரிப்பு போடச் சொன்னேன்ல?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனேன்.

அய்யாக்கண்ணு அண்ணன் கொட்டகை வாசலில் குத்தவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

"காத்து நின்னு வெடிஞ்சிருக்கு. கொல்லைச் செவுரு ஒங்க வாப்பா மேல கெடக்கு. தொடை ஒடஞ்சு காலு நீலமா போச்சு. மடக்க முடியல. ஆம்புலன்ஸ் எங்க வரும், ரோடு பூரா தென்னமரம். எம் படகுப் பலகைய எடுத்தாந்து அதுல படுக்கவெச்சு, பின்சீட்டுல குறுக்க நீட்டுனா ஒண்ணரை அடி வெளிய நிக்கிது. கதவு எப்படி மூடும்? கயித்த போட்டுக் கட்டுனேன். ஒங்க மச்சான் ஓட்டுனாரு. நானும் எம் மருமவனும் முன்னால அருவா, ரம்பத்தோட ஓடுனோம். வெட்டுறது, இழுக்குறது, வண்டி பத்தடி வர்றது. பட்டுக்கோட்டைக்குப் பன்னண்டு கிலோமீட்டர். நாலு மணி நேரம் தம்பி.

"ஒரு எடத்துல ரெண்டு மரம். காரு நொழஞ்சிரும், கதவு நொழயாது. நான் நிறுத்துங்கன்னேன். ஒங்க மச்சான், 'கதவு போனா போவுது, மாமா காலு போவக் கூடாது'ன்னுட்டு ஏத்திட்டாரு. டமார்னுச்சு. ஒங்க வாப்பா அதுவரைக்கும் வலிக்கிதுன்னு ஒரு வார்த்த சொல்லல. அப்பத்தான் கத்துனாரு. என்னா கத்துனாரு தெரியுமா? 'மாப்ள! கதவு! கதவு!'"

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என்னால் முடியவில்லை. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இன்னும் இரண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தால் காலை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராமே.

உம்மாவிடம் கேட்டேன். "ஒன் பரீட்ச முடியட்டும்னு வாப்பா சொல்ல வேணாம்னாங்க. அப்பறம் மச்சான் சொல்ல வேணாம்னுட்டாரு. 'செஞ்சதச் சொல்லிக்காட்டுனா அதோட நன்ம போயிடும் மாமி, விட்டுடுங்க'ன்னாரு. நீ அவர அப்படிப் பேசுன அன்னிக்கே நான் சொல்லிருப்பேன். அவரு கண்ணாலயே வேணாம்னாரு" என்று அழுதார்கள்.

அன்றைக்கு நான் பேசியது எனக்கு எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது. வாப்பா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால், "வீட்டு மாப்பிள்ளையாக உட்கார்ந்து ஆறு வருஷம் சாப்பிட்டீர்கள், ஒரு கார்க் கதவைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்றேன். மறுநாள் காலை நீங்கள் பெட்டியைத் தூக்கினீர்கள்.

கஜாவுக்குப் பிறகு வாப்பா நாலரை வருஷம் தன் காலால் பள்ளிவாசலுக்கு நடந்தார். அது நீங்கள் கொடுத்தது. என்னை மன்னியுங்கள்.

அப்சர்


நீடாமங்கலம்
6.10.2024

டேய் அப்சர்,

ஸலாம். நல்லா இருக்கியா? நான் நன்றாக இருக்கிறேன், உள்ளே இருப்பதும் உதைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது. தபால்காரி வேலை பார்க்கமாட்டேன் என்று சொன்னேன். இந்த ஒரு தடவை பார்க்கிறேன்.

உன் கடிதத்தை மச்சான் கடையில் நின்றபடியே படித்தார். கேட் போட்டிருந்த நேரம். குடை கேட்டு ஆள் வந்து நிற்கிறது, இவர் நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நாலு நாளாகப் பேனாவை எடுக்கிறார், வைக்கிறார். மன்னிப்புக் கேட்டால் அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திட்டினாலும் அப்படித்தான், எழுதமாட்டார். ஆக உனக்கு இரண்டு வழியும் அடைப்பு.

கார் வேலையைப் பற்றி எழுது. "அந்தக் கதவு சரியாச்சான்னு எழுதவே இல்லியே அவன்" என்று நேற்றுச் சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. என் மாப்பிள்ளை சொல்லாதே என்றார். நீ பேசியதற்குப் பிறகு உன்னிடம் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. வலித்தது.

உம்மாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்.

ஷமீரா


அதிராம்பட்டினம்
9.10.2024, புதன், மதியம் 2.00

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. பனங்கற்கண்டை ஒளித்துவைத்திருக்கிறேன். லாத்தாவுக்குக் கால் வீக்கம் எப்படி?

வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கீலைக் கழற்றிச் சூடுகாட்டி நேராக்கினேன். ஒன்பதில் மூன்றுதான் குறைந்தது. ஆறு நின்றது. உங்கள் இடி மூன்று மில்லிமீட்டர், மீதி யாருடையது? இரண்டு நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்னுடையதுதான்.

ஏப்ரலில் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிப்பட்டையை வெட்டினேன். உப்புக்காற்றில் அது சல்லடையாகியிருந்தது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குள் குறுக்காகக் குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும், வண்டியின் கூடு அசையாமல் இருக்க. ஒரு நாள் வேலை. நான் செய்யவில்லை. அவசரம். வண்டியை நடுவில் மட்டும் தாங்கிவைத்து வெட்டினேன். முன்னும் பின்னும் தொங்கிவிட்டது. தொங்கிய நிலையிலேயே புதுப் பட்டையைப் பற்றவைத்துவிட்டேன். வளைந்த கூட்டில் எந்தக் கதவும் உட்காராது. இதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

அதைவிட, வரிசையே தப்பு. கதவு பொருத்துவது பின்னாலிருந்து. பின்பக்கத் தகடு கூட்டோடு சேர்ந்தது, நகராது. அதற்குப் பின்கதவு, பின்கதவுக்கு முன்கதவு. நான் முன்கதவுகளை அழகாக உட்காரவைத்துவிட்டு, தப்பையெல்லாம் பின்னால் தள்ளினேன். அது கடைசியில் உங்கள் கதவில் வந்து நின்றது. நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

நேற்றுப் பட்டையை மறுபடி வெட்டினேன். இந்தத் தடவை கூடு நேரானதும் குழாய் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு முனையையும் ஜாக்கியில் மெதுவாகத் தூக்கி, கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாகும்வரை பொறுமையாக இருந்தேன். பொறுமையாக என்றால் ஐந்து மணி நேரம். எனக்கு அது அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும். தூணில் கயிறு பதிந்த தடத்துக்கு நான் பட்டி போடப்போவதில்லை. அது அப்படியே தெரியட்டும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நான் சொல்வேன்.

இன்னொன்று. நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார், மகன் கல்யாணம் கட்டிப் போவான். வாப்பா இந்த வீட்டை லாத்தாவுக்குக் கொடுத்தார். அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் மாப்பிள்ளையை நான் வெளியே அனுப்பினேன். யார் யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று இப்போது கணக்குப் புரிகிறது. நீங்கள் வரலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் சொல்லவில்லை.

அப்சர்


நீடாமங்கலம்
13.10.2024

அன்புத் தம்பி அப்சருக்கு,

வ அலைக்கும் ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹ். ஷமீராவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. எனக்கு இருமல், ஆடாதோடை குடிக்கிறேன், போய்விடும். உம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

தடத்தை ஒழுங்காகப் பட்டி போட்டு மூடு. முதலாவது, துருப்பிடிக்கும். கடற்கரை ஊரில் வெறும் இரும்பை விட்டுவைக்கிற இன்ஜினீயரை நான் பார்த்ததில்லை. இரண்டாவது, அது வெளியே தெரிந்தால் அதுவும் சொல்லிக்காட்டுவதுதான். நான் வாயால் செய்யாததைக் கார் தூணால் செய்யவைக்காதே.

உன் கணக்கில் ஒரு திருத்தம். மரத்தை வெட்டியது அய்யாக்கண்ணு அண்ணன். உள்ளங்கை கிழிந்து ஏழு தையல் அவருக்கு. அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். நான் உட்கார்ந்து ஸ்டீயரிங்தான் பிடித்தேன். இன்னொரு திருத்தம். மாமா "கதவு, கதவு" என்று கத்தியது இடித்தபோது மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் முதல் வார்த்தையும் அதுதான். வீட்டுக்கு வந்தபிறகு, "அத அப்படியே வை, மாப்ள. எம்புள்ள படிச்சு முடிச்சு வந்து பார்ப்பான்" என்றார். அதனால்தான் நான் எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகவில்லை. தூக்கிப் பிடித்து மூடியே ஓட்டினேன். இதைத்தான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

ஷமீராவின் வீட்டுக்கு நான் வர, நீ உரிமை தரவும் வேண்டாம், தராமல் இருக்கவும் வேண்டாம். அவளைக் கேட்டேன். "மொதல்ல அந்தக் கதவு மூடுதான்னு பாப்போம்" என்கிறாள். ஒரு விரலால் தள்ளி மூடினால் வருகிறேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

வஸ்ஸலாம்.
ஷஹ்பாஸ்


அதிராம்பட்டினம்
17.10.2024, வியாழன், காலை 11.05

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் குறைந்ததா? உம்மா உங்களுக்காகத் தேன் எடுத்துவைத்திருக்கிறார்கள். நம்பரைத் திறந்தும் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் எனக்கு வாய் நீளம். எழுதினால் ஒரு தடவை படித்துப் பார்த்துத்தான் ஒட்டுகிறேன்.

கதவுகள் நான்கு. நான்கும் மூடுகின்றன. சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பின்சீட்டில் உம்மாவை உட்காரவைத்து, பாரத்தோடு அளந்தேன். உம்மா நான்கு தடவை மூடிப் பார்த்தார்கள். நான்கு தடவையும் பழக்கத்தில் கதவைத் தூக்கினார்கள். "தூக்க வேணாம்மா" என்றேன். "ஒங்க வாப்பா கேட்டிருக்கணும் இந்தச் சத்தத்த" என்றார்கள். டக் என்று ஒரே சத்தம்.

தடத்துக்குப் பட்டி போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டேன். இப்போது தெரியாது. நான் கை வைத்தால் இடம் தெரிகிறது.

வாப்பா எனக்காக வைத்திருந்த வேலை என்று எழுதினீர்கள். ஐந்து தடவை படித்துவிட்டேன். அல்லாஹ் உங்களுக்கு நிறையக் கொடுப்பானாக. வேறு சொல்லத் தெரியவில்லை.

வஸ்ஸலாம்.
உங்கள் அப்சர்

இனிச் செய்யப்போவது:

1. இன்று மாலை அய்யாக்கண்ணு அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் உள்ளங்கையைப் பார்ப்பேன்.

2. சனிக்கிழமை அவரை முன்சீட்டில் உட்காரவைத்துப் பட்டுக்கோட்டைக்கு அதே பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பேன். கதவில் சத்தம் வந்தால் அன்றே சரிசெய்வேன்.

3. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மன்னார்குடி வழியாக எட்டரைக்கு நீடாமங்கலம். கேட் போட்டிருந்தால் நிற்பேன். ஹாரன் அடிக்கமாட்டேன். ஒரு குடை வாங்குவேன்.

4. லாத்தா பின்சீட்டில் இடதுபக்கம். அவள் ஏறியதும் கதவை நீங்கள் மூடுங்கள். ஒரு விரல். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

5. மூடினால் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் லாத்தா பக்கத்தில் பின்னால் உட்காருவேன். நீங்கள் ஓட்டுங்கள்.

6. வீட்டு வாசலில் முதலில் லாத்தா இறங்கட்டும், அடுத்து நீங்கள். நான் வண்டியிலேயே இருப்பேன். நீங்கள் உள்ளே போய், திரும்பிப் பார்த்து, "வாடா" என்று கூப்பிட்டால் வருவேன்.